மதிலுக்கு வெளியே ஒரு பெயர்ப்பலகை

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 22ஆம் தேதி காலையில் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தைத் திருப்பினால் ஒரே மாதிரியான படம் ஒன்று இருக்கும். காவல் கண்காணிப்பாளர் நினைவுத் தூணின் அடியில் மலர்வளையம் வைத்துவிட்டு விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறார். பின்னால் துப்பாக்கியை வானத்தை நோக்கிப் பிடித்தபடி ஒரு வரிசை. அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாளையொட்டி ஆயுதப்படை மைதானத்தில் இத்தனை குண்டுகள் முழங்க மரியாதை செலுத்தப்பட்டது என்று கீழே செய்தி. ஓர் ஊரில் 42 என்று இருக்கும், இன்னோர் ஊரில் 54, வேறோர் ஊரில் 60. எண் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மரியாதைக்குச் சுடுவது மூன்று சுற்று. வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்களோ அதை மூன்றால் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும். 20 பேர் நின்றால் 60.

அந்தச் செய்தியை நான் எப்போதும் கடைசி வரி வரை படிப்பேன். மலர்வளையம் வைத்த அதிகாரிகளின் பெயர்கள் பதவியோடு வரிசையாக இருக்கும். யாருக்காகத் துப்பாக்கி முழங்கியதோ அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் இருக்காது. ‘பணியின்போது உயிர்நீத்த காவலர்கள்’ என்ற சொற்களுக்குள் அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள். இத்தனைக்கும் மைதானத்தில் பெயர்களை வாசிக்கிறார்கள். முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் அந்த ஆண்டு ஆகஸ்டு 31 வரை நாடு முழுவதும் பணியில் இறந்த காவல்துறையினர், மத்தியப் படையினர் எல்லாருடைய கணக்கும் அன்று சொல்லப்படும். 2024இல் தில்லியில் சொல்லப்பட்ட எண்ணிக்கை 216. சுதந்திரத்துக்குப் பிறகு மொத்தம் 36,468. துப்பாக்கிகளைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்து, பிகில் ஊதி, தலைகுனிந்து நிற்பார்கள். எல்லாம் முறையாக நடக்கும், மதிலுக்கு உள்ளே. வெளியே சாலையில் போகிறவருக்கு வெடிச்சத்தம் மட்டும் கேட்கும். ஏதோ பயிற்சி நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

நான் எழுத நினைப்பது இந்த மதிலைப் பற்றித்தான். கடலூரில் ஒரு தலைமைக் காவலருக்கு மகளாகப் பிறந்து, இப்போது புதுச்சேரியில் குடியிருக்கிறேன். இரண்டு ஊரிலும் இந்த நாளைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அக்டோபர் 21 என்ற தேதி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பல காவலர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இது தெரியாது.

1959இல் திபெத்தை ஒட்டிய எல்லையைக் காத்தது ராணுவம் அல்ல, போலீஸ். லடாக்கின் வடகிழக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஒரு போலீஸ் அணி முகாமிட்டிருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 16,000 அடி உயரம். அக்டோபர் 20ஆம் தேதி, லனக் லா கணவாய்ப் பக்கம் மேற்கொண்டு போவதற்கு முன்பு வழி பார்த்து வர மூன்று சிறு குழுக்கள் புறப்பட்டன. இரண்டு குழுக்கள் அன்று பிற்பகலுக்குள் திரும்பிவிட்டன. மூன்றாவது திரும்பவில்லை. அந்தக் குழுவில் இருந்தவர்கள் இரண்டு காவலர்களும் ஒரு சுமைதூக்குபவரும்.

மறுநாள் காலை கரம் சிங் என்ற அதிகாரி தலைமையில் அவர்களைத் தேடிக் கிளம்பினார்கள். சிலர் மட்டக்குதிரைகளில், மற்றவர்கள் நடந்து. நண்பகல் வாக்கில், ஒரு மேட்டின் மேலிருந்து சீனப் படையினர் சுட்டார்கள், கையெறி குண்டுகளை வீசினார்கள். பதுங்க ஒரு மறைவு கூட இல்லாத வெட்டவெளி. பத்துப் பேர் அங்கேயே இறந்தார்கள். சிலர் காயத்தோடு பிடிபட்டார்கள். இறந்தவர்களின் உடல்கள் நவம்பர் 13ஆம் தேதிதான் திருப்பி ஒப்படைக்கப்பட்டன. அந்த மலையிலேயே போலீஸ் மரியாதையோடு தகனம் செய்தார்கள். 1960 ஜனவரியில் மாநிலக் காவல்துறைத் தலைவர்களின் மாநாடு கூடியபோது, அக்டோபர் 21ஐ ஆண்டுதோறும் நினைவு நாளாகக் கடைப்பிடிப்பது என்று முடிவானது. இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் படை உருவானது அதற்கும் பிறகு, 1962 அக்டோபரில்.

இதில் எனக்கு மறக்கவே முடியாதது, அவர்கள் எதற்காக அந்தக் குளிரில் கிளம்பினார்கள் என்பது. அன்றைக்கு அவர்கள் நிலம் பிடிக்கப் போகவில்லை. வீடு திரும்பாத மூன்று பேரைத் தேடிப் போனார்கள். அந்த மூவரில் ஒருவர் சீருடைகூட இல்லாத கூலியாள். போலீஸ் வேலை என்று நான் சிறு வயதிலிருந்து பார்த்ததும் இதைத்தான். யாரோ ஒருவரைக் காணோம் என்றால் நேரம் காலம் பார்க்காமல் தேடிப் போவது.

1959இல் புதுச்சேரி எந்த நிலையில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டது. ஆனால் சட்டப்படியான இணைப்பு முடிந்தது 1962 ஆகஸ்டு 16இல். அதாவது லடாக்கில் அந்தப் பத்துப் பேர் விழுந்த நாளில், காகிதத்தில் இந்த ஊர் இன்னும் பிரான்சின் உடைமை. இன்று புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற காவலர் மைதானத்தில், பிரெஞ்சுக் காலத்திலிருந்து வந்த அதே சிவப்புத் தொப்பியை அணிந்த காவலர்கள் அந்தப் பத்துப் பேருக்காகத் தலை குனிகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. தேசம் என்ற பெரிய சொல்லை விட இந்தத் தலைகுனிவு எனக்கு நன்றாகப் புரிகிறது.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அப்பா ஆயுதப்படையில் சேர்ந்து, பிறகு தாலுகா ஸ்டேஷனுக்கு மாறி, ஏட்டாகி, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். நாங்கள் வளர்ந்தது காவலர் குடியிருப்பில். அங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே நாட்காட்டி. வடலூரில் தைப்பூச ஜோதி, தேவனாம்பட்டினத்தில் மாசி மகம், சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத் தேர், நடுவில் ஒரு தேர்தல், ஒரு சாதிக் கலவரம், ஒரு முதல்வர் வருகை. ஊருக்குத் திருவிழா என்றால் எங்கள் வீட்டில் அப்பா இருக்க மாட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு பல நாள் அவரைக் குளித்துச் சாப்பிட மட்டும் பார்த்தோம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் எங்கள் கடற்கரையில் கரை கடந்தபோதும் அப்படித்தான். குடியிருப்பில் ஓடுகள் பறந்துகொண்டிருந்தன. ஆண்கள் எல்லாம் அடுத்தவர் வீட்டுக் கூரையைப் பார்க்கப் போயிருந்தார்கள். பெண்கள் பிள்ளைகளை ஒரே வீட்டில் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இரவுப் பணியில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடியிருப்புக்கு அது எப்படித் தெரியவரும் என்பதையும் சொல்ல வேண்டும். செல்போன் வருவதற்கு முன்பு முதலில் மைக்கில் வரும். மைக் என்று நாங்கள் சொல்வது வயர்லெஸ்ஸை. ரைட்டர், அதாவது ஸ்டேஷன் எழுத்தர், காதில் விழுந்ததும் யாராவது ஒரு ஏட்டு சைக்கிளில் வருவார். எந்த வீட்டு வாசலில் அவர் இறங்குவார் என்று மற்ற வீடுகளில் இருந்து பெண்கள் பார்ப்பார்கள். ‘நம்ம வீட்டுக்கு இல்லை’ என்று தெரிந்ததும் வருகிற நிம்மதியும், அடுத்த நொடியே அந்த நிம்மதிக்காக வருகிற கூச்சமும் எங்கள் அம்மாக்களின் முகத்தில் சேர்ந்தே தெரியும்.

அப்படி ஒரு இரவு வந்தது அப்பாவின் நண்பர் வீட்டுக்கு. நாங்கள் சித்தப்பா என்று கூப்பிடுவோம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே சாலையில் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றுவிட்டது. விளக்கும் இல்லை. பின்னால் வருகிற வண்டிகள் அதில் மோதிவிடக் கூடாது என்று சித்தப்பா டார்ச்சை ஆட்டி வண்டிகளை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். வேகமாக வந்த ஒரு கார் அவரையே அடித்துவிட்டது. அவர் கையசைத்ததால் எத்தனை குடும்பங்கள் அன்று பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. காப்பாற்றப்பட்டவர்களுக்கே தெரியாத காப்பாற்றல் அது.

அவருடைய மகன் என்னோடு படித்தவன். பள்ளியில் யாராவது கேட்டால், அப்பா ரவுடிகளோடு நடந்த சண்டையில் இறந்தார் என்று சொல்வான். லாரிக்குப் பக்கத்தில் நின்று கையசைத்து இறந்தார் என்று சொல்ல அவனுக்குக் கூச்சம். அந்த வயதில் அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை எழுத அந்தப் பையனின் முகமும் ஒரு காரணம்.

காவலர் மரணம் என்றால் துப்பாக்கி, கத்தி, வெடிகுண்டு என்று நம் மனத்தில் பதிந்துபோயிருக்கிறது. அப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் இந்தக் கடற்கரைச் சாலையில் வேலை பார்க்கிறவர்களை அச்சுறுத்துவது வேறு. கடலூரின் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நின்று பாருங்கள். பாலத்தைத் தாண்டினால் பெரிய கங்கணாங்குப்பம், அப்புறம் முள்ளோடை, புதுச்சேரி எல்லை. அந்தப் பக்கம் சாராயம் மலிவு. அதனால் இந்தப் பக்கம் இரவெல்லாம் வண்டி நிறுத்திச் சோதனை. நிற்கிறவர் கையில் ஒரு லத்தி, ஒரு டார்ச், ஒளிரும் பட்டை தைத்த ஒரு மேலாடை. வருகிற வண்டி நிற்குமா, ஏற்றிவிட்டுப் போகுமா என்பது ஓட்டுகிறவனின் மனசாட்சியைப் பொறுத்தது. புத்தாண்டு இரவில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கூட்டத்தைச் சமாளித்துவிட்டு, விடிகாலையில் கண் எரிய பைக்கில் வீடு திரும்பும் காவலருக்கு அந்தப் பயணமே ஆபத்து. தூக்கம் கெட்டு, வேளைக்குச் சாப்பிடாமல், ஐம்பது வயதில் பந்தோபஸ்து முடிந்து வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை எங்கள் குடியிருப்பில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் வேலையே உயிரை வாங்கியது என்றுதான் நான் சொல்வேன்.

2020ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் வழியாக மே மாதத்தில் கடலூர் மாவட்டத்தில் கொரோனா பரவியது. முள்ளோடையில் எல்லையை அடைத்தார்கள். அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெயிலில் நின்றவர்கள் காவலர்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே இருக்கச் சொல்லப்பட்டவர்கள் அவர்கள். ஜூன் 17ஆம் தேதி சென்னை மாம்பலம் இன்ஸ்பெக்டர் பாலமுரளி கொரோனாவால் இறந்தார். அந்தச் செய்தி வந்த அன்று, அந்தப் பழைய குடியிருப்பில் இன்னும் இருக்கிற என் தோழி போனில் பேசவே முடியாமல் அழுதாள். அவள் கணவர் அப்போது எல்லையில் பணியில் இருந்தார்.

அதே 2020இல்தான், ஜனவரி 8ஆம் தேதி இரவு, கேரள எல்லையில் களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டு 18ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டம் வல்லநாடு அருகே, ஒரு கொலைக் குற்றவாளியைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். ஒரே ஆண்டு. எல்லைச் சாவடி, காடு, நோய். மூன்று விதமாக மூன்று பேர்.

இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியனை நினைவிருக்கிறதா? கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டம் வரை போனவர். 2017 டிசம்பர் 13ஆம் தேதி அங்கே இறந்தார். முதலில் கொள்ளையர்கள் சுட்டதாகச் செய்தி. பிறகு, கைகலப்பின் நடுவே சக அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து பாய்ந்த குண்டு என்று ராஜஸ்தான் போலீஸ் விசாரணையில் சொன்னார்கள். அது வெளிவந்ததும் பலருக்கு அவர் மேல் இருந்த மரியாதை சட்டென்று இறங்கியதைக் கண் முன்னால் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக இருந்தது. மொழி தெரியாத ஊரில், விடிவதற்கு முன்பு, கொள்ளைக்காரர்கள் இருக்கிற இடத்துக்குள் நுழைந்த மனிதர் அவர். குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதால் அவர் எடுத்துவைத்த அடி சிறியதாகிவிடுமா?

1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு பெயர் உலகத்துக்கே தெரியும். அதே வெடிப்பில் காஞ்சிபுரம் எஸ்.பி. முகமது இக்பால், இன்ஸ்பெக்டர் ராஜகுரு, பெண் காவலர் சந்திரா என்று நம் காவல்துறையினர் பலர் இறந்தார்கள். சந்திராவின் பெயரை நான் அறிந்ததே பெரியவளான பிறகுதான். எங்கள் குடியிருப்பில் அப்போது பெண் காவலர்கள் இருந்தார்கள், அவர்களைப் பார்த்து வளர்ந்த சிறுமிகள் நாங்கள். எங்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது என் மனத்தில் அதிகம் தங்கியிருக்கிற ஒரு மரணம். திருச்சி நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன். 2021 நவம்பர் 21ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரம், ரோந்தில் இருந்தவர், ஆடு திருடிக்கொண்டு போனவர்களைப் பைக்கில் துரத்தினார். மாவட்ட எல்லையைத் தாண்டி, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர்ப் பக்கம் மடக்கினார். அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். பிடிபட்டவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள்.

ஓர் ஆட்டுக்காக உயிரை விட வேண்டுமா என்று அப்போது பலர் கேட்டார்கள். நல்லெண்ணத்தில் கேட்டவர்களும் உண்டு. நான் யோசித்தது செங்கம் பக்கத்து நடுகற்களை. எங்கள் ஊரைத் தொட்டுக் கடலில் சேர்கிற அதே தென்பெண்ணை, மேலே திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணையைக் கடந்து வருகிறது. அந்த வட்டாரம் முழுக்க நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. பல்லவர் காலத்துக் கற்கள். அவற்றில் பெரும்பாலானவை அரசனுக்கோ பெரிய போருக்கோ எழுப்பியவை அல்ல. ஊரின் மாட்டை எவனோ கவர்ந்துகொண்டு போனான், அதை மீட்கப் போன ஒருவன் திரும்பவில்லை. அவனுக்கு ஒரு கல். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன, எந்தத் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கும்போது பட்டான், எல்லாம் அதில் வெட்டியிருக்கும். எடுத்தனூரில் ஒரு கல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

பூமிநாதன் செய்ததும் அதே வேலை. ஓர் ஏழை வீட்டின் ஆடு என்பது அவர்கள் சேமிப்பு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அவசரத்துக்கு இருக்கிற ஒரே காசு. அதை மீட்கப் போனவனுக்குக் கல் நடுகிற ஊராக ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நாம் இருந்திருக்கிறோம். அந்தக் கற்கள் ஊர் ஓரத்தில், வழியில், வயலில் நின்றன. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கிற இடத்தில்.

இங்கே ஒரு கேள்வி வரும், வர வேண்டும். போலீஸ்காரர்களால் அடிபட்டவர்கள், அவமானப்பட்டவர்கள் இந்த நாட்டில் ஏராளம். 2020இல் சாத்தான்குளத்தில் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் நடந்தது நமக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்திலேயே 1992இல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒருவர் அடிபட்டு இறந்து, அவர் மனைவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான கொடுமையை இன்னும் யாரும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. காவலர் மகள் என்பதால் இவற்றை நான் மூடிப் பேச மாட்டேன். காக்கிச் சட்டை போட்ட எல்லாரையும் வணங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. இன்ன ஊரில், இன்ன இரவில், இன்னாருக்காக இறந்த இந்த ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று கேட்கிறேன். பெயர் சொல்லி, நடந்ததைச் சொல்லி நினைவுகூர்ந்தால் இந்தக் குழப்பம் வராது. ‘காவலர்கள்’ என்று மொத்தமாகக் கும்பிடச் சொல்லும்போதுதான் அடிபட்டவருக்கு மனம் ஒப்பாமல் போகிறது. அது நியாயமும்கூட.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் இருக்கிற பிரெஞ்சுப் போர் நினைவகத்தைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய் இறந்த நம் பகுதி ஆட்களுக்காக 1930களில் கட்டியது. ஜூலை 14 வந்தால் விளக்கு அலங்காரம், சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்கள், வந்து நிற்பார்கள். இந்த ஊரில் நடைப்பயிற்சிக்கு வருகிற ஒரு குழந்தை ‘இது என்ன’ என்று கேட்கும். தாத்தாவோ அப்பாவோ ஏதோ சொல்வார்கள். நினைவு அப்படித்தான் தங்குகிறது. கோரிமேட்டில் காவலர் மைதானத்துக்குள் இருக்கிற தூணைப் பார்த்து எந்தக் குழந்தை கேட்கும்?

மும்பையில் கிர்காவ் சௌபாத்தியில், 2008 நவம்பர் 26 இரவு வெறும் லத்தியோடு போய்க் கசாப்பின் துப்பாக்கியைக் கைகளால் பிடித்துக்கொண்ட துக்காராம் ஓம்ப்ளேவின் சிலை, அவர் விழுந்த இடத்தின் அருகிலேயே இருக்கிறது. அதுவும் கடலோரம்தான். நம் பக்கம் திருப்பத்தூரில், 1980 ஆகஸ்டு 6ஆம் தேதி நக்சலைட்டுகளைப் பிடித்து வாகனத்தில் கொண்டுவரும் வழியில் வெடிகுண்டுக்கு இரையான இன்ஸ்பெக்டர் பழனிச்சாமிக்கும் மூன்று காவலர்களுக்கும் அந்த ஊரிலேயே நினைவுத்தூண் உண்டு. அக்டோபருக்குக் காத்திருக்காமல் ஆகஸ்டு 6ஆம் தேதியே மரியாதை செய்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். தில்லி சாணக்கியபுரியில் 2018இல் திறந்த தேசியக் காவலர் நினைவகத்தை நான் மதிக்கிறேன். 30 அடி உயரம், 238 டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல். திறந்தபோது சுவரில் 34,844 பெயர்கள். ஆனால் கடலூரில் இறந்த ஒரு ஏட்டின் பெயரைத் தேட அவர் பேத்தி தில்லிக்குப் போக வேண்டியதில்லை என்ற நிலை வர வேண்டும்.

காவலர்கள் தங்களுக்குள் செய்துகொள்வதை வெளியே யாரும் அதிகம் கவனிப்பதில்லை. அதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த வீரவணக்கங்களிலேயே பெரியது அது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர்களை ஒரு பேட்ச் என்பார்கள். 1999 பேட்ச், 2003 பேட்ச் என்று. அந்த பேட்சில் மாநிலத்தின் எந்த மூலையிலாவது ஒருவர் இறந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் தகவல் போகும். ஆளுக்கு ஐந்நூறோ ஆயிரமோ போடுவார்கள். பயிற்சியின்போது பார்த்ததற்குப் பிறகு அவரைச் சந்தித்தே இருக்காதவர்களும் போடுவார்கள். சேர்ந்த பணத்தைச் சிலர் நேரில் கொண்டுபோய், பெரும்பாலும் பிள்ளைகளின் பெயரில் வைப்புத்தொகையாக, அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வருவார்கள். விபத்தா, மாரடைப்பா, வெட்டுப்பட்டாரா என்று அங்கே யாரும் தரம் பிரிப்பதில்லை. கூடச் சேர்ந்தவன் போய்விட்டான் என்பது போதும். வில்சன், பூமிநாதன் போன்றவர்களின் குடும்பத்துக்கு அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது, சரியான செயல். செய்தியில் வராத மரணங்களுக்கு முதலில் வந்து நிற்கிறவர்கள் பேட்ச்காரர்கள்தான்.

சித்திக்குக் கருணை அடிப்படையில் காவல்துறையிலேயே அமைச்சுப் பணி, அதாவது அலுவலக வேலை, கிடைத்தது. சித்தப்பாவோடு ரோந்து போனவர்களின் பயணப்படிப் பட்டியலைச் சரிபார்க்கிற மேசை. காக்கிச் சட்டையைப் பார்த்தாலே உடைந்துபோகிற நிலையில் இருந்தவர், தினமும் அந்தக் காக்கிகளுக்கு நடுவே உட்கார்ந்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். அக்டோபர் 21 அன்று அவரை மேடைக்கு முன்னால் உட்கார வைத்து, கைகுலுக்கி, பரிசுப் பை ஒன்றைக் கொடுப்பார்கள். ஒருமுறை என்னிடம் சொன்னார்: “பை எல்லாம் வேணாம் பாப்பா. எப்படி இருந்தாரு, என்ன பண்ணாருன்னு யாராவது ரெண்டு வார்த்தை கேட்டா போதும். நான் சொல்லத் தயாரா இருக்கேன்.” அந்த மேடையில் அவர் பேச ஐந்து நிமிடம் கொடுத்தால் என்ன? அதிகாரி உரையைச் சுருக்கிக்கொண்டாலும் குறை ஒன்றும் வராது.

எனக்கு வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. ஒவ்வொரு காவல் நிலையத்தின் வெளிச்சுவரிலும், தெருவிலிருந்து படிக்கிற மாதிரி, அங்கே பணியாற்றி இறந்தவர்களின் பெயர்கள். முடிந்தால் இறந்த இடத்தில் சாலையோரம் ஒரு சிறு கல். அந்தப் பகுதிப் பள்ளியில் அக்டோபர் 21 காலை வழிபாட்டில் அந்தப் பெயரைச் சொல்லி, நடந்ததை ஒரு பத்தியாகப் படிப்பது. சித்தப்பா இறந்த திருப்பத்தில் ஒரு கல் இருந்திருந்தால், அவர் மகன் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்காது. ‘வண்டிகளை ஒதுக்கிவிட்டுப் பலரைக் காப்பாற்றும்போது’ என்று அதில் எழுதியிருப்பதை அவனுடைய நண்பர்களே படித்திருப்பார்கள்.

கல்லில் என்னென்ன எழுத வேண்டும் என்று போன மாதம் அப்பாவிடம் கேட்டேன். வீரமரணம், தியாகம் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பேரு போடணும். பிசி நம்பர் போடணும். எந்த ஸ்டேஷன், எந்த பேட்ச்னு கண்டிப்பா போடணும்மா. ஒரே பேருல நாலு பேரு இருப்பாங்க, நம்பர் இல்லன்னா எந்த ஆளுன்னு எங்களுக்கே தெரியாது” என்றார். அப்புறம், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டு, சித்தப்பாவின் நம்பரை யோசிக்காமல் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.